மஞ்சள் வீட்டுக்குக் கரி பூசிய கதை

லண்டன், டவுனிங் தெரு, பத்தாம் எண் வீட்டை டி.வி.யில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கறுப்புச் செங்கல், அதைவிடக் கறுப்பாக ஒரு கதவு, வாசலில் ஒரு போலீஸ்காரர், போதாக்குறைக்கு ஒரு பூனை. புதிதாகப் பிரதமரானவர் சிரித்த முகத்தோடு வந்து நின்று கையசைப்பார். கொஞ்ச நாள் கழித்து அதே வாசலில் மைக் வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராஜினாமா செய்வார். இரண்டு காட்சியிலும் பின்னால் அந்தக் கறுப்புச் சுவர் அசையாமல் நிற்கும். முந்நூறு வருஷத்துக் கட்டடம், என்ன கம்பீரம் பார் என்று நாமும் வாயைப் பிளந்து, நம் வீட்டில் போன வருஷம் பூசிய சுவர் உதிர்வதை நினைத்துப் பெருமூச்சு விடுவோம்.

பெருமூச்சை மிச்சம் பிடியுங்கள். அந்தச் செங்கல் கறுப்பே அல்ல, மஞ்சள். அந்தக் கதவு மரமல்ல, எஃகு. பத்து என்ற எண் ஒரு காலத்தில் ஐந்தாக இருந்தது. அஸ்திவாரம் பெயருக்குத்தான் இருந்தது. கட்டிய மகராசனோ, கூட இருந்தவர்களே காறித் துப்பிய ஆசாமி.

பெயர் ஜார்ஜ் டவுனிங். அமெரிக்காவில் படித்தவர். ஹார்வர்டு கல்லூரி 1642-இல் முதன்முதலாகப் பட்டம் கொடுத்து அனுப்பிய ஒன்பது பேரில் ஒருவர். இங்கிலாந்துக்கு வந்து பார்த்தால் அங்கே மன்னரை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல் கை ஓங்கிக்கொண்டிருந்தது. டவுனிங் அந்தப் பக்கத்துப் படையில் மதபோதகராக நுழைந்து, ஒற்றர்களுக்குத் தலைவராக உயர்ந்தார். 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையையே எடுத்துவிட்ட கோஷ்டி அது. 1660-இல் காற்று திரும்பியது. வெட்டுப்பட்ட ராஜாவின் மகன் இரண்டாம் சார்லஸ் சிம்மாசனத்துக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் டவுனிங் தாவினார். நம்மூரில் தாவுகிறவர்கள் ‘தொகுதியின் நலனுக்காக’ என்பார்கள். டவுனிங் சொன்ன காரணம் அதைவிட நேர்த்தி: சின்ன வயதில் அமெரிக்காவில் வளர்ந்ததால் தப்பான கொள்கைகள் உள்ளே போய்விட்டனவாம். ராஜா நம்பினாரோ இல்லையோ, சர் பட்டம் கொடுத்தார்.

பட்டத்துக்கு நன்றிக்கடன் வேண்டாமா? ராஜாவின் தந்தைக்கு மரண தண்டனை விதித்தவர்களில் மூன்று பேர் ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் தலைமறைவாக இருந்தார்கள். 1662-இல் டவுனிங் அவர்களைப் பிடித்துக் கட்டிக் கப்பலேற்றினார். லண்டனில் மூவர் கதையும் முடிந்தது. அதில் ஒருவர் கர்னல் ஓக்கி. ஒரு காலத்தில் டவுனிங்குக்கு மதபோதகர் வேலை கிடைத்ததே ஓக்கியின் படைப்பிரிவில்தான். டயரி எழுதிப் பேர் வாங்கிய சாமுவேல் பெப்பிஸ் முன்பு டவுனிங்கிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய முதலாளியை அந்த டயரியில் நம்பிக்கைத் துரோகி என்றே எழுதிவைத்தார். சம்பளம் வாங்கிய கை எழுதியது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படித்தாலும் நல்ல சர்டிபிகேட் அல்ல.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு மனை சிக்கினால்? வெஸ்ட்மின்ஸ்டரில், அரண்மனைக்குப் பக்கத்தில், புல்வெளி பார்க்கக் கிடைக்கும் இடத்தில் 1654 வாக்கிலேயே நிலத்துக்கு உரிமை வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு குத்தகைக்காரம்மா உட்கார்ந்திருந்தார்: எலிசபெத் ஹாம்ப்டன், சாட்சாத் கிராம்வெல்லின் அத்தை. கிராம்வெல் ஆளும்போது அவர் அத்தையைக் காலி செய்யச் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? கிராம்வெல் போனார், அத்தையும் போனார், அத்தையின் வாரிசுகள் போகவில்லை. குத்தகை 1682 வரை இருந்தது. ஒற்றர்படை நடத்தியவர், தூதராக இருந்தவர், பழைய தோழர்களை நாடு விட்டு நாடு போய்ப் பிடித்தவர், ஒரு குடித்தனத்தைக் காலி செய்ய முடியாமல் கிட்டத்தட்ட முப்பது வருஷம் காத்துக் கிடந்தார். வாடகை வழக்குக்காகக் கோர்ட்டுக்கு நடந்த வீட்டுக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் டவுனிங்குக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலாம்.

காத்திருந்த வயிற்றெரிச்சலை எல்லாம் கட்டுமானத்தில் காட்டினார். 1666-இல் லண்டன் எரிந்து சாம்பலான பிறகு, மறுவருஷமே சட்டம் வந்துவிட்டது: ஊருக்குள் இனி மர வீடு கூடாது, செங்கல் அல்லது கல். அதிலிருந்துதான் அந்த நகரத்து வரிசை வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகத் தொடங்கின. பொதுச்சுவர் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் ஒரு ஒடுங்கிய முகம். பின்னால் நீண்ட உடம்பு. நம் அக்ரஹாரத்து வீடுகளை நிமிர்த்தி நாலு மாடி ஆக்கினால் கிட்டத்தட்ட அதுதான், திண்ணையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். தெருவோரத்தில் முகம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு அதிக வீடு, அவ்வளவு அதிக வாடகை.

இந்தக் கணக்கில் டவுனிங்கைத் தூக்கிச் சாப்பிடும் ஒருவர் அதே ஊரில், அதே காலத்தில் இருந்தார். நிக்கோலஸ் பார்பன். தகப்பனார் பெயர், தமிழில் சொன்னால், கர்த்தரைத்துதி பேர்போன். பிள்ளைக்கு அவர் வைத்ததாகச் சொல்லப்படும் ஞானஸ்நானப் பெயர், ‘இயேசு கிறிஸ்து உனக்காக மரித்திராவிட்டால் நீ நாசமாய்ப் போயிருப்பாய்’. சாப்பிடக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். இவர் தெருத் தெருவாக வரிசை வீடுகளைக் கட்டித் தள்ளினார். வீடு தீப்பிடித்தால் பணம் தரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் தானே தொடங்கினார். 1684-இல் ரெட் லயன் சதுக்கத்தில் வேலை ஆரம்பித்தபோது, பக்கத்திலிருந்த வக்கீல்கள் எதிர்த்து வர, செங்கலைத் தூக்கி எறிந்து சண்டை நடந்தது. வக்கீலோடு செங்கல் சண்டை போட்ட ஒரே பில்டர் இவராகத்தான் இருக்க வேண்டும். சாகும்போது எழுதிய உயிலில், தன் கடன் எதையும் அடைக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனாராம்.

டவுனிங்குக்கு இத்தனை கலையம்சம் கிடையாது; ஆனால் சிக்கனம் உண்டு. 1682-லிருந்து இரண்டு வருஷத்தில் முட்டுச்சந்து ஒன்றின் ஓரமாகப் பதினைந்து இருபது வீடுகளை எழுப்பிவிட்டார். நிலம் சதுப்பு. அதில் ஆழக் கடைக்கால் தோண்டினால் செலவு, அதனால் தோண்டவில்லை. செங்கல் வரிசை கோணலாக வந்தால் பிரித்துக் கட்ட வேண்டும், அதனால் பிரிக்கவில்லை. சுவரின்மேல் சுண்ணாம்புக் கோடு வரைந்து, செங்கல் எல்லாம் அளவெடுத்து அடுக்கிய மாதிரி பாவலா காட்டினார். நம்மூர்க் கொத்தனார் சிமெண்டுப் பூச்சில் கரண்டியால் கோடு கிழித்துக் ‘கருங்கல்லு மாதிரியே இருக்குல்ல சார்’ என்பாரே, அதேதான். பிற்காலத்தில் அங்கே குடியிருந்த பிரதமர் சர்ச்சில், லாபவெறி பிடித்த காண்ட்ராக்டர் கட்டிய ஆட்டங்கண்ட வீடு என்கிற பொருளில் எழுதினார். காண்ட்ராக்டர் அதைப் படிக்க இல்லை. 1684-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தான் கட்டிய வீட்டில் அவர் ஒருநாளும் குடியிருந்ததில்லை. அவருக்குத் தெரியாதா என்ன?

பின்வீட்டுக்காரர்களுக்கு அப்போதே கடுப்பு. டவுனிங் வரிசைக்குப் பின்னால் பூங்காவைப் பார்த்தபடி ஒரு பெரிய மாளிகை இருந்தது. அதில் ராஜா இரண்டாம் சார்லஸின் மகள், லிச்ஃபீல்டு சீமாட்டி வசித்தார். புது மாடிகளிலிருந்து கண்டவனும் தன் தோட்டத்தை எட்டிப் பார்க்கிறான் என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பா ராஜா அல்லவா? பஞ்சாயத்து, சர்வே, இரு தரப்பு விசாரணை எதுவும் கிடையாது. உன் இஷ்டத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு உயரத்துக்குச் சுவரை எழுப்பிக்கொள் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். பில்டிங் அப்ரூவல் இத்தனை வேகமாகக் கிடைத்த இன்னொரு சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மகள் எதை மறைக்கச் சுவர் கேட்டாளோ, அந்த வரிசை வீட்டோடு அந்த மாளிகையை ஒரே வீடாகத் தைத்துவிட்டார்கள். 1732-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் முன்வீடு, பின்மாளிகை இரண்டையும் அப்போதைய பிரதமர் ராபர்ட் வால்போலுக்குக் கொடுக்க முன்வந்தார். வால்போல், ‘எனக்கு வேண்டாம், நான் வகிக்கும் பதவிக்குக் கொடுங்கள், எனக்குப் பின் வருகிறவர்களும் இருக்கட்டும்’ என்றார். வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெருந்தன்மை என்கின்றன. வீட்டின் அஸ்திவாரத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம். சொந்த வீடென்றால் ரிப்பேர் செலவு நம் பையிலிருந்து. அரசாங்க வீடென்றால் கஜானாவிலிருந்து.

இரண்டையும் இணைக்கும் வேலை கட்டடக்கலைஞர் வில்லியம் கெண்ட் தலையில் விழுந்தது. இடம் போதவில்லை. பக்கத்திலிருந்த சின்ன வீட்டையும் சேர்த்தால் தேவலை. அதில் ஒருவர் குடியிருந்தார். அவரைப் பற்றி வரலாறு ஏறக்குறைய எதையும் பதிவு செய்யவில்லை, பெயரைத் தவிர. பெயர் மிஸ்டர் சிக்கன். சத்தியமாக நான் வைத்ததல்ல. அவரைச் சமாதானப்படுத்தி அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். கோழி காலி செய்ததும் வால்போல் 1735 செப்டம்பர் 22 அன்று குடிபுகுந்தார். அத்தையின் வாரிசுகளைக் கிளப்ப முப்பது வருஷம் தவித்த டவுனிங் இதைப் பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்.

கெண்ட் செய்த முக்கியமான காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தடபுடல் எல்லாவற்றையும் பூங்காவைப் பார்த்த பின்பக்கத்துக்குக் கொடுத்தார். தெருப் பக்கம் டவுனிங்கின் ஒடுக்கமான வரிசை வீட்டு முகம் அப்படியே நின்றது. இன்றைக்கும் நாம் டி.வி.யில் பார்ப்பது வீட்டை அல்ல, வீட்டுக்குப் போகிற நடையை. உள்ளே சுமார் நூறு அறைகள். வெளியே பார்த்தால், இரண்டு பெட்ரூம் இருந்தால் அதிகம் என்று தோன்றும். எண் அப்போது ஐந்து. 1779-இல்தான் பத்து ஆனது. ஐந்து பத்தானதில் வீடு ஒரு அடிகூட வளரவில்லை.

இதற்கிடையில் லண்டன் வரிசை வீடுகள் எல்லாமே சட்டத்துக்குச் சட்டம் முகம் மாறிக்கொண்டிருந்தன. 1707-இல் கூரையோரத்து மர வேலைப்பாடு கூடாதென்றார்கள், தீ தாவுகிறதாம். 1709-இல் ஜன்னல் சட்டம் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். 1774-இல் அந்த ஜன்னல் மரச்சட்டத்தையும் செங்கலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னார்கள். ஒரு தெருவில் நடந்துகொண்டே, ஜன்னல் எவ்வளவு பயந்து உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து வீட்டின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். கிழவீட்டு ஜன்னல் வெளியே முகம் காட்டும், இளையது வெட்கப்பட்டு உள்ளே நிற்கும்.

ஜன்னலுக்கு இன்னொரு கண்டமும் இருந்தது. 1696 முதலே ஜன்னல் வரி உண்டு. வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி. ஆங்கிலேயர்கள் யோசித்தார்கள், ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1783-இல் இருபத்துநான்கு வயதில் பிரதமராகிப் பத்தாம் எண்ணில் இருந்த இளைய பிட், மறுவருஷம் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறக்கினார். ஆஹா என்றது தேசம். துண்டு விழுந்த பணத்துக்கு ஜன்னல் வரியை ஏற்றினார். ஆக, மலிவாகக் கிடைத்த டீயை இருட்டில் உட்கார்ந்து குடிக்க வேண்டியதாயிற்று. அதே 1784-இல் செங்கலுக்கும் வரி போட்டார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வரி. உடனே சூளைக்காரர்கள் இரட்டிப்புப் பருமனில் கல் அறுக்க ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் வரி குறையுமே! செங்கல் வரி 1850-லும் ஜன்னல் வரி 1851-லும்தான் ஒழிந்தன. ஒன்று மட்டும் கைடுகளிடம் ஏமாறாதீர்கள்: லண்டனில் அடைபட்ட ஜன்னலைக் கண்டாலே ‘வரிக்குப் பயந்து அடைத்தது’ என்பார்கள். பல வீடுகளில் அது இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்று முதலிலேயே பொய்யாக வைத்துக் கட்டியது. பிட் பாவம், எல்லாப் பழியையும் அவர்மேல் போட வேண்டாம்.

ஊரார் ஜன்னலை அடைத்துக்கொண்டிருக்க, பிட் இருந்த வீட்டுக்கு மட்டும் ரிப்பேர் நடந்தது. 1783 மராமத்துக்குச் செலவு 11,000 பவுண்டு. பத்திரிகைகள் பொங்கின. மேஸ்திரிகள் பொங்கவில்லை, டவுனிங் விட்டுப்போன வேலையே தலைமுறைக்கும் சோறு போட்டது. சதுப்பில் மெல்ல இறங்கும் வீட்டைத் தூக்கிவிடுவதும், அது மறுபடி இறங்குவதுமாகக் காலம் போயிற்று. வசதியுள்ள பிரதமர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் சொந்த மாளிகையில் இருந்துகொண்டு, இங்கே உறவுக்காரர்களைக் குடிவைத்தார்கள். அக்கம்பக்கமும் சரியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் சாராயக் கடைகளும் விபசார விடுதிகளும் பெருகின. வரிசையிலிருந்த மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, 1857 வாக்கில் 10, 11, 12 மட்டும் மிஞ்சின. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்பதுதான் வரிசை வீட்டின் உயிர். தாங்கியவை போய்விட்டன; தாங்கப்பட்டவை எப்படி நின்றன என்பது மேஸ்திரிகளுக்கே வெளிச்சம்.

1877-இல் பிரதமர் டிஸ்ரேலி வந்து பார்த்தார். வீடு அலங்கோலம். பொது அறைகளைச் சர்க்கார் செலவிலும், சொந்த அறைகளைத் தன் செலவிலும் புதுப்பித்தார். வெந்நீர், தண்ணீர் இரண்டும் வரும் குளியல்தொட்டி அப்போதுதான் அந்த வீட்டுக்குள் வந்தது. விலை 150 பவுண்டுக்கு மேல். உலகத்தின் கால்பங்கை நிர்வாகம் செய்யத் துடித்த வீட்டில் குழாயைத் திருகினால் வெந்நீர் வர அத்தனை காலம் ஆயிற்று என்பதை நம் நகராட்சிகள் குறித்துக்கொள்ளலாம். மின்விளக்கு 1894-இல் வந்தது. 1937-இல் வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி. நெவில் சேம்பர்லின் காலத்தில் மொட்டைமாடிக்குக் கீழே வேலைக்காரர்கள் படுத்திருந்த பரண் அறைகளைப் பிரதமர் குடும்பத்துக்கான ஃபிளாட் ஆக்கினார்கள். வேலைக்காரர் இருந்த இடத்துக்குப் பிரதமர் ஏறினார். அதை யாரும் பதவியிறக்கம் என்று சொல்லவில்லை.

1940 அக்டோபர் 14 இரவு. சர்ச்சில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், வெளியே ஜெர்மன் விமானங்கள். ஏதோ தோன்றி எழுந்துபோய்ச் சமையல்காரம்மாவையும் மற்றவர்களையும் பதுங்கறைக்குப் போகச் சொன்னார். சில நிமிஷத்தில் பக்கத்தில் குண்டு விழுந்து சமையலறை நாசம். பக்கத்து நிதித்துறைக் கட்டடத்தில் காவலிருந்த மூன்று பேர் செத்தார்கள். இந்த இடத்தில் கிண்டல் இல்லை.

போருக்குப் பின் வீட்டின் நிலை என்னவென்றால், மேல்மாடி விருந்துக்கு எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்கு வைத்தார்கள், தரை விட்டுவிடும் என்று பயம். உலகப்போரில் ஜெயித்த தேசத்தின் பிரதமர் வீட்டில் விருந்தாளியை எடைபோட்டு மாடிக்கு அனுப்பும் நிலைமை. கடைசியில் இடித்துக் கட்டுவதா, ஒட்டுப்போடுவதா என்று கமிட்டி போட்டார்கள். 12-ஐப் புதிதாகக் கட்டுவது, 10, 11 இரண்டின் முகத்தை விட்டுவிட்டுக் குடலை உருவி மாற்றுவது என்று முடிவாயிற்று. கட்டடக்கலைஞர் ரேமண்ட் எரித். பிரதமர் மேக்மில்லன் 1960-இல் மூட்டை கட்டி வேறிடம் போனார். திறந்து பார்த்தால் சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் மக்கிய மரம். கான்கிரீட் கடைக்கால் போட்டார்கள். டவுனிங் போடாமல் விட்டதை இருநூற்று எண்பது வருஷம் கழித்துப் போட்டார்கள். வேலை சொன்ன காலத்தைவிட ஒரு வருஷம் இழுத்தது. செலவு எஸ்டிமேட்டைப் போல் இரண்டு மடங்கு. எந்த நாட்டிலும் எஸ்டிமேட் எஸ்டிமேட்தான்.

அந்த வேலையில்தான் பெரிய ரகசியம் வெளிப்பட்டது. முகப்பைத் தேய்த்துக் கழுவினார்கள். கறுப்பு போய் மஞ்சள் வந்தது. லண்டன் செங்கல் மஞ்சள்தான். இரண்டு நூற்றாண்டு நிலக்கரிப் புகை படிந்து படிந்து கறுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போட்டோவிலேயே கறுப்பாக இருப்பதால் அதுதான் பிறவி நிறம் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். இப்போது என்ன செய்வது? பிரிட்டிஷ் மூளை வேலை செய்தது. கழுவி எடுத்த மஞ்சள் செங்கலுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள்! அழுக்கு போய்விட்டதே என்று அழுக்கு நிறத்தில் சாயம். நம் வீட்டுப் பெரியவர்கள் நரைத்த தலைக்குச் சாயம் பூசுவது இளமைக்கு. இவர்கள் பூசியது முதுமைக்கு.

அடுத்து வந்தவர்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள். பிரதமர் தாட்சர் காலத்தில், 1980-களின் கடைசியில் கட்டடக்கலைஞர் குவின்லன் டெர்ரி விருந்தறைகளை அலங்கரித்தார். ஒரு கதவுக்கு மேலே சுதை வேலைப்பாட்டில், முதுகில் வைக்கோல் சுமந்த குட்டி மனிதன் ஒருவன் இருக்கிறான். தாட்சர் என்றால் ஆங்கிலத்தில் கூரை வேய்கிறவர். இரும்புச் சீமாட்டி, கூலிக்கு வைக்கோல் சுமக்கும் தொழிலாளியாகத் தன் வீட்டுக் கதவுக்கு மேலேயே இருந்திருக்கிறார். தொழிற்சங்கங்களுக்குத் தெரிந்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். 1989-இல் தெருமுனையில் இரும்புக் கேட் வந்தது. 1991 பிப்ரவரியில் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வீசிய மார்ட்டர் குண்டு தோட்டத்தில் வெடித்தபின் பழைய மரக்கதவைக் கழற்றிவிட்டுக் குண்டு துளைக்காத எஃகுக் கதவு போட்டார்கள். தூக்க எட்டுப் பேர் வேண்டும். வெளியே சாவித்துவாரம் கிடையாது. உள்ளே ஆள் இருந்து திறந்தால்தான் பிரதமரே வீட்டுக்குள் போக முடியும். நேரம் கழித்து வீட்டுக்கு வரும் கணவர்கள் அந்தப் பதவிக்கு ஆசைப்பட வேண்டாம்.

வால்பேப்பர் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அந்த வீட்டு அலங்காரத்துக்கு வருஷம் 30,000 பவுண்டு அரசுப் படி உண்டு. பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் குடியிருந்த பதினொன்றாம் எண் மாடி ஃபிளாட்டுக்கு அது போதவில்லை. கட்சிக்கு வந்த நன்கொடை அலங்காரத்தில் புகுந்தது, கணக்கில் சரியாகப் புகவில்லை. 2021 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அவருடைய கட்சிக்கு 17,800 பவுண்டு அபராதம் போட்டது. டவுனிங் சுவரில் வரைந்த கோடு மாதிரியே இதுவும், தள்ளி நின்று பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது.

அடுத்த பிரதமர் வந்து கையசைக்கும்போது அவரைப் பார்க்காதீர்கள். அவர் எப்படியும் போய்விடுவார். கதவிலுள்ள பத்தைப் பாருங்கள். பூஜ்யம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பழைய கதவில் அதைச் சரியாகப் பொருத்தாமல் சாய்ந்துபோனது என்கிறார்கள். எட்டுப் பேர் தூக்கி மாட்டிய எஃகுக் கதவிலும் அதே சாய்வை அளவெடுத்து வைத்திருக்கிறார்கள்.